குடும்பத்துல மார்பு கேன்சர் இருக்கா? தடுப்பு மாத்திரை கேக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துக்கங்க

சொந்தத்துல யாருக்காவது மார்ல கட்டின்னு தெரிஞ்சா போதும், அடுத்த வாரமே ஏதாவது ஒரு பொண்ணு போன் போட்டு "அக்கா, வராம இருக்கறதுக்கு மாத்திரை இருக்காமே, பேரு சொல்லுங்க, மெடிக்கல்ல வாங்கிக்கறேன்"னு கேக்கும். மாத்திரை இருக்கறது நெஜம். பேரு டமோக்சிஃபென், கேன்சர் வந்தவங்களுக்கு குடுக்கற அதே மாத்திரை தான், வராதவங்களுக்கும் தடுப்புக்கு குடுக்கலாம்னு அமெரிக்கால 1998-லயே அனுமதி குடுத்துட்டாங்க, விலையும் பெரிய விலை இல்ல. ஆனா அது யாருக்கு வேலை செய்யும், எந்த வயசுல ஆரம்பிக்கணும், இனிமே குழந்தை வேணுமா வேணாமா, இந்த மூணுக்கும் பதில் தெரியாம வாங்கி முழுங்கற மாத்திரை கிடையாது. நான் டாக்டர் இல்ல. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2ன்னு (BRCA) ரெண்டு ஜீன் இருக்கு, அதுல கோளாறு இருந்தா மார்பு கேன்சர், சினைப்பை கேன்சர் வர்ற வாய்ப்பு கூடும், அது பரம்பரையா வரும். எனக்கு பிஆர்சிஏ 2-ல கோளாறு இருக்கு, இந்த மாத்திரைய சாப்பிடறேன், பாலக்கோடு பக்கம் இருந்துகிட்டு இதுக்காக அலைஞ்சதுல தெரிஞ்சதை எழுதறேன், அவ்ளோதான்.

மொதல்ல குடும்ப கதையை எழுதுங்க

எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொத கேள்வி "வீட்ல யாருக்கு இருந்துச்சு, என்ன வயசுல வந்துச்சு"ன்னு தான் வரும். அங்க போய் முழிக்காம வீட்லயே ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. நான் கல்யாண பத்திரிகை பின்பக்கம் எழுதுனேன், பக்கத்துல எங்க ஆயா உக்காந்துட்டு இருந்துச்சு. கேன்சர்னு கேட்டா "நம்ம வீட்ல யாருக்கும் இல்ல சாமி"ன்னு ஒரே போடா போட்டுடுச்சு. அப்புறம் கேள்விய மாத்தி, மார்ல கட்டி, ஆறாத புண்ணு யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டா "ஆமா எங்க சின்னவளுக்கு இருந்துச்சே, பச்சிலை வெச்சு கட்டுனோம்"னு வருது. வயித்துல தண்ணி கோத்து வயிறு உப்பி யாராவது செத்தாங்களான்னு கேட்டா இன்னொரு பேரு வருது. அது சினைப்பை கேன்சரா இருந்திருக்கலாம், ரெண்டும் ஒரே ஜீன்ல இருந்து வரக்கூடியது, அதனால இந்த கேள்வியை விட்டுடாதீங்க. வயசு கேட்டா ஆயாவுக்கு தெரியாது, ஆனா "பெரியவன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அவளுக்கு அப்ப கடைசி பையன் பால் குடிச்சிட்டு இருந்தான்"னு சொல்லும், அதை வெச்சு நாப்பதுக்குள்ளன்னு கணக்கு போட்டுக்கலாம்.

அப்பா பக்கத்தையும் எழுதணும். இதுல தான் நெறைய பேர் கோட்டை விடறாங்க, மார்பு கேன்சர்னா அம்மா வழில தான் வரும்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு. அப்பாவோட அக்கா தங்கச்சி, அப்பாவோட அம்மா, அங்க இருந்தும் வரும், அப்பாவுக்கு ஒண்ணுமே ஆகாம அவர் வழியா மகளுக்கு ஜீன் வந்துடும். ஆம்பளைங்களுக்கு மார்பு கேன்சர் வந்திருந்தா அதை கட்டாயம் எழுதுங்க, அது பெரிய துப்பு. 45-50 வயசுக்குள்ள வந்தது, ரெண்டு பக்க மார்லயும் வந்தது, ஒரே வீட்ல ரெண்டு மூணு பேருக்கு வந்தது, இதெல்லாம் இருந்தா ஜீன் டெஸ்ட் பத்தி பேசணும். 70 வயசுல ஒரே ஒரு பாட்டிக்கு வந்துச்சுன்னா அது பெரும்பாலும் பரம்பரை கிடையாது, நிம்மதியா இருங்க.

டெஸ்ட் யாருக்கு எடுக்கணும்

உங்களுக்கு இல்ல, ஏற்கனவே கேன்சர் வந்தவங்களுக்கு மொதல்ல எடுக்கணும், அவங்க உயிரோட இருந்தா. அம்மாவுக்கு எடுத்து எந்த ஜீன்ல எந்த எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சுட்டா, உங்களுக்கு அந்த ஒரு எடத்தை மட்டும் பாத்தா போதும், செலவும் கம்மி, பதிலும் தெளிவா வரும். அம்மாவுக்கு இருந்தா உங்களுக்கு வர்றதுக்கு சரிபாதி வாய்ப்பு, அண்ணன் தம்பிக்கும் அதே பாதி. அம்மாவுக்கு பாக்காம நேரா உங்களுக்கு எடுத்து "ஒண்ணும் இல்ல"ன்னு வந்தா அதை வெச்சு முழுசா நிம்மதி ஆக முடியாது, வீட்ல சுத்தற கோளாறு அந்த டெஸ்ட்ல பாக்காத வேற எடத்துல கூட இருக்கலாம்.

ரிப்போர்ட்ல சில பேருக்கு கோளாறு இருக்கு ஆனா அது கெட்டதா இல்லையான்னு இன்னும் முடிவாகலன்னு ஒரு வகை வரும், அதுக்கு பேரு வியூஎஸ் (VUS). அதை வெச்சு மாத்திரையும் ஆரம்பிக்காதீங்க, ஆபரேஷனும் பண்ணிக்காதீங்க. இதை பொறுமையா விளக்கறதுக்கு ஜெனடிக் கவுன்சலர்னே ஆள் இருக்காங்க, டெஸ்டுக்கு முன்னாடி ஒரு தடவை, ரிசல்ட் வந்த பிறகு ஒரு தடவை அவங்களை பாத்துடுங்க.

நம்ம பக்கம் இன்னொரு சங்கதி இருக்கு, இதை வெளியூர் டாக்டருங்க கேக்கவே மாட்டாங்க, நீங்களா சொல்லணும். அக்கா மகளை கட்டறது, அத்தை பையனை கட்டறதுன்னு சொந்தத்துலயே கல்யாணம் நடக்குதில்ல, மாமனுக்கும் அந்த ஜீன் இருக்கலாம் உங்களுக்கும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் பிஆர்சிஏ 2 கோளாறு இருந்து ரெண்டும் குழந்தைக்கு போச்சுன்னா ஃபேன்கோனி அனீமியான்னு சின்ன வயசுலயே ரத்தம் ஊறாம போற நோய் வரும், ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. மாமனை கட்டியிருந்தா, இல்ல கட்டப்போறீங்கன்னா, குழந்தைக்கு முன்னாடி அவருக்கும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க. மாமியார் வீட்ல இதை பேசறது லேசு இல்லன்னு தெரியும், டாக்டர் வாயால சொல்ல வெச்சா கொஞ்சம் கேப்பாங்க.

பிஆர்சிஏ 1-ஆ 2-ஆ

கோளாறு இந்த ரெண்டு ஜீன்ல எதுல இருக்கு, மாத்திரை விஷயத்துல இது தான் பெரிய கேள்வி. டமோக்சிஃபென் செய்யறது ஒரே வேலை, மார்பு செல்லுல ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் போய் ஒட்டற எடத்துல தான் போய் உக்காந்துக்கும், பூட்டுக்குள்ள வேற சாவி மாட்டிக்கிட்டா சரியான சாவி உள்ள போகாதில்ல அந்த மாதிரி. அப்போ ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்ற கேன்சரை மட்டும் தான் இது தடுக்கும். பிஆர்சிஏ 2 இருக்கறவங்களுக்கு வர்றது பெரும்பாலும் அந்த வகை. பிஆர்சிஏ 1 இருக்கறவங்களுக்கு வர்றது பெரும்பாலும் ட்ரிபிள் நெகட்டிவ்னு ஒரு வகை, அதுக்கு ஈஸ்ட்ரோஜனோட சம்பந்தமே இல்ல, அதனால மாத்திரையோட பலன் அங்க சந்தேகம் தான்.

நெட்ல "பாதியா கொறைக்கும்"னு போட்டிருப்பாங்க. அந்த கணக்கு அமெரிக்கால 13,388 பொம்பளைங்களை வெச்சு பண்ண ஆராய்ச்சில வந்தது, 1998-ல வெளியாச்சு, 49 சதவீதம் கொறைஞ்சுது. ஆனா அவங்க எல்லாருக்கும் பரம்பரை ஜீன் இருந்துச்சுன்னு நெனச்சுக்காதீங்க, வயசு, குடும்பம், பழைய கட்டி இதெல்லாம் சேத்து ரிஸ்க் அதிகம்னு எடுத்தவங்க. அதுல கேன்சர் வந்த 288 பேருக்கு ஜீன் பாத்தப்போ 19 பேருக்கு தான் கோளாறு இருந்துச்சு, பிஆர்சிஏ 1 எட்டு பேர், பிஆர்சிஏ 2 பதினோரு பேர். பிஆர்சிஏ 2-ல எட்டு பேர் மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்க, மூணு பேர் தான் டமோக்சிஃபென் சாப்பிட்டவங்க, அதை வெச்சு 62 சதவீதம் கொறையுதுன்னு சொன்னாங்க. பிஆர்சிஏ 1-ல அஞ்சு பேர் மாத்திரை சாப்பிட்டவங்க, மூணு பேர் வெத்து, அதாவது கொறையவே இல்ல. பதினோரு பேர் கணக்கு இது, அதுக்கு எவ்ளோ மரியாதை குடுக்கணுமோ அவ்ளோ குடுங்க. எனக்கு பிஆர்சிஏ 2-ங்கறதால நான் ஒத்துக்கிட்டேன், எனக்கு 1 இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனான்னு சொல்ல தெரியல.

ஜீன் டெஸ்ட்ல ஒண்ணும் வராம குடும்பத்துல மட்டும் நெறைய பேருக்கு இருந்தாலும் இந்த மாத்திரை பத்தி பேசலாம், அது தனி கணக்கு, டாக்டர் ரிஸ்க் போட்டு பாத்து சொல்வாங்க.

வயசும் குழந்தையும்

அந்த பெரிய ஆராய்ச்சி எல்லாமே 35 வயசுக்கு மேல உள்ளவங்களை வெச்சு பண்ணது. இருபது இருபத்தஞ்சு வயசு பொண்ணுங்களுக்கு மாத்திரை குடுத்து பாத்த கணக்கு கிட்டத்தட்ட இல்லன்னே சொல்லலாம். அதனால காலேஜ் படிக்கற பொண்ணு, ஓசூர் கம்பெனில வேலைக்கு போற 23 வயசு பொண்ணு, உங்களுக்கெல்லாம் இப்போதைக்கு மாத்திரை இல்ல, ஒழுங்கா ஸ்கேன் பாத்துட்டு வர்றது தான் வேலை. பிஆர்சிஏ இருந்தா 25-ல இருந்து வருஷா வருஷம் மார்பு எம்ஆர்ஐ, 30-க்கு மேல அதோட மேமோகிராமும், அதாவது மார்பு எக்ஸ்ரேவும் சேரும். சின்ன வயசுல மார்பு இறுக்கமா இருக்கறதால வெறும் மேமோகிராம்ல கட்டி தெரியாம போகும், "மேமோ நார்மல்"னு ஒரு சீட்டை வெச்சுகிட்டு ரெண்டு வருஷம் சும்மா இருந்துடாதீங்க.

குழந்தை பெத்துக்க ஆசை இருக்கற வரைக்கும் இந்த மாத்திரை ஆகவே ஆகாது. வயித்துல இருக்கற குழந்தைக்கு ஊனம் வரலாம், பால் குடுக்கும் போதும் கூடாது. இதுல ஒரு வேடிக்கை, 1960-கள்ல இங்கிலாந்துல ஒரு மருந்து கம்பெனி இதை கருத்தடை மாத்திரைக்காக தான் கண்டுபிடிச்சாங்க, பொம்பளைங்களுக்கு குடுத்து பாத்தா கருமுட்டை இன்னும் நல்லா வெளிய வருது, தலைகீழா போச்சு. அதனால பீரியட்ஸ் நின்னுடுச்சு, இனிமே கரு நிக்காதுன்னு நெனச்சு அசால்ட்டா இருக்காதீங்க, மாத்திரை சாப்பிடும் போது கரு நிக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் ஊசி கூடாது, காண்டம் இல்ல காப்பர் டி. ரெண்டு குழந்தைக்கப்புறம் ஆஸ்பத்திரிலயே ஃபேமிலி ப்ளானிங் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, நானும் அந்த கணக்கு தான். மாத்திரைய நிறுத்திட்டு குழந்தை பெத்துக்கணும்னா முன்னாடி 2 மாசம் தள்ளிப் போட சொன்னாங்க, இப்ப மருந்து லேபிள்ல 9 மாசம்னு போடறாங்க, உங்க டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ஆக நம்ம ஊர் நடப்புல பெரும்பாலான பொண்ணுங்களுக்கு வரிசை இப்படி தான் வரும்: கல்யாணம், குழந்தைங்க, பால் நிறுத்தறது, அப்புறம் முப்பதுகளோட பின்பாதில மாத்திரை. அதுக்காக "சீக்கிரம் கட்டி வெச்சுடலாம், சீக்கிரம் பெத்துக்கட்டும்"னு வீட்ல அவசரப்படுத்துனா அதுக்கு இந்த கட்டுரையை காட்டாதீங்க, நான் அப்படி சொல்லல.

எங்க போறது, என்ன கேக்கறது

தர்மபுரி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இல்ல கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில சர்ஜரி ஓபி இல்ல மகப்பேறு ஓபில மொதல்ல காட்டி மார்பு பரிசோதனை பண்ணிக்கங்க, அங்க இருந்து ரெஃபர் சீட்டு வாங்கிக்கங்க. ஜீன் டெஸ்ட், கவுன்சலிங், தடுப்பு மாத்திரை, இதை தினமும் பாக்கற டாக்டருங்க பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிங்கள்ல தான் இருப்பாங்க. கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு பர்கூர் வாணியம்பாடி வழியா வேலூர் சிஎம்சி, ஓசூர் பக்கத்துக்காரங்களுக்கு பெங்களூர் கித்வாய், மெட்ராஸ் போக முடிஞ்சா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். காப்பீட்டு அட்டையை கையோட எடுத்துட்டு போங்க, கர்நாடகா பக்கம் போறதா இருந்தா அட்டை செல்லுமான்னு போன்லயே மொதல்ல கேட்டுடுங்க.

ஒரு டாக்டர் என்கிட்ட "உனக்கு தான் கேன்சரே இல்லியே, எதுக்கும்மா இது"ன்னு சிரிச்சாரு. உங்களுக்கும் அப்படி யாராவது சொன்னா சண்டை போட வேணாம், குடும்ப பேப்பரையும் ஜீன் ரிப்போர்ட்டையும் எடுத்து வைங்க, அதுக்கு மேலயும் சிரிச்சா வேற டாக்டரை பாருங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்களா சொல்ல வேண்டியது: உங்களுக்கோ அம்மா அப்பா கூடப்பொறந்தவங்களுக்கோ கால்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்திருக்கா, பக்கவாதம் வந்திருக்கா, கல்லீரல் பிரச்சனை இருக்கா, கண்புரை இருக்கா, பீரியட்ஸ் நடுவுல காரணம் தெரியாம ரத்தம் படுதா. ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு இந்த மாத்திரை வேணாம்னு தான் சொல்வாங்க. கர்ப்பம் இல்லன்னு டெஸ்ட் பண்ணிட்டு தான் ஆரம்பிக்கணும்.

அளவு வழக்கமா தினமும் 20 மில்லிகிராம், 5 வருஷம். இத்தாலில 5 மில்லிகிராம் வெச்சு 3 வருஷம் குடுத்து பாத்த ஆராய்ச்சி 2019-ல வந்துச்சு, தொந்தரவு கம்மி, பலனும் நல்லா இருந்துச்சு, ஆனா அது மார்ல சில மாற்றம் ஏற்கனவே வந்தவங்களுக்கு, ஜீன்காரங்களுக்குன்னு பண்ணது இல்ல. தாங்க முடியலன்னா இதை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா மாத்திரைய ஒடச்சு சாப்பிடாதீங்க. அஞ்சு வருஷம் முடிஞ்ச பிறகும் பலன் பல வருஷம் நீடிக்குதுன்னு இங்கிலாந்து ஆராய்ச்சில பாத்திருக்காங்க, அதனால அஞ்சு வருஷம்னு கேட்டு மலைச்சுப் போக வேணாம். அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன், ரலோக்சிஃபென்னு வேற பேருங்களும் காதுல விழும், அதெல்லாம் மாதவிடாய் நின்னவங்களுக்கு, நமக்கு இல்ல.

சாப்பிட ஆரம்பிச்ச பிறகு

உடம்பு திடீர்னு தீயா எரியும், கழுத்துல இருந்து மூஞ்சி வரைக்கும் ஏறும், வேத்து கொட்டும், சித்திரை வைகாசில நம்ம ஊர் வெயில்ல இதுவா அதுவான்னே தெரியாது. மொத சில மாசம் அதிகமா இருக்கும், அப்புறம் பழகிடும். நான் ராத்திரி படுக்கும் போது போட்டுக்கறேன், அது எனக்கு தோதா இருக்கு. காலையோ ராத்திரியோ ஒரே நேரமா இருந்தா போதும், சாப்பாட்டுக்கு முன்ன பின்ன பிரச்சனை இல்ல. ஒரு நாள் மறந்துட்டா அடுத்த நாள் ரெண்டா போடாதீங்க. பீரியட்ஸ் தாறுமாறா வரும், வெள்ளைப்படும், அதுக்கு பயப்பட வேணாம். பீரியட்ஸ் நிக்காத வயசுல இந்த மாத்திரையால எலும்பு கொஞ்சம் தேயலாம், ராகி களி நம்ம வீட்ல எப்படியும் இருக்கு, அதோட நடக்கறதையும் விடாதீங்க.

முக்கியமா ஒண்ணு, கோயில் திருவிழா, வீட்டு விசேஷம்னு பீரியட்ஸை தள்ளிப் போட மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போடற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. அது ஹார்மோன். இந்த மாத்திரை சாப்பிடும் போது அதை தொடாதீங்க, மாமியார் கோவிச்சுகிட்டாலும் சரி. அதே மாதிரி மன அழுத்தத்துக்கு குடுக்கற ஃப்ளூஆக்செடின், பராக்செடின் ரெண்டும் டமோக்சிஃபென்னை ஒடம்புல சரியா வேலை செய்ய விடாம போகலாம், மனநல டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை குடுப்பாங்க. நாட்டு மருந்து எடுக்கறவங்க அதையும் மறைக்காம சொல்லிடுங்க.

ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால்ல வலி, திடீர்னு மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி, இது வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 108-க்கு போன் போட்டு நான் இந்த மாத்திரை சாப்பிடறேன்னு மொத வார்த்தையா சொல்லுங்க. மெட்ராஸ் மாதிரி தூரமா பஸ்ல போகும் போது வண்டி நிக்கற எடத்துல எறங்கி நடங்க. ஏதாவது ஆபரேஷன் வந்தா முன்னாடியே சர்ஜன்கிட்ட சொல்லணும், சில நேரம் நிறுத்தி வைப்பாங்க. கர்ப்பப்பை கேன்சர் வரும்னு பயமுறுத்துவாங்க, அந்த ரிஸ்க் பெரும்பாலும் 50 தாண்டினவங்களுக்கு, ஆனா வழக்கத்துக்கு மாறா ரத்தம் போனா காட்டுங்க. கண்ணு மங்கலானாலும் அப்படியே.

மெடிக்கல் கடைல சீட்டை நீட்டுனா கடைக்காரர் மேல இருந்து கீழ பாத்துட்டு "யாருக்கும்மா கேன்சர்?"னு சத்தமா கேப்பாரு, பின்னாடி நிக்கற நாலு பேரும் திரும்புவாங்க. பொண்ணு பாக்க வர்ற வீட்ல இருந்து விசாரிக்கற ஊர் இது. நான் ஓசூர்ல மொத்தமா வாங்கி வெச்சுக்கறேன், ஜன் அவுஷதி கடைலயும் கேட்டு பாருங்க.

இதோட முடியல, மாத்திரை சாப்பிடறதால ஸ்கேன் நிக்காது, எம்ஆர்ஐ மேமோ ரெண்டும் தொடரணும். சினைப்பைக்கு இந்த மாத்திரை ஒண்ணுமே பண்ணாது. பிஆர்சிஏ 1 இருக்கறவங்க 35-40 வயசுல, 2 இருக்கறவங்க 40-45 வயசுல குழந்தைங்க முடிஞ்ச பிறகு சினைப்பையையும் குழாயையும் எடுத்துடறதை பத்தி பேசணும், சினைப்பை கேன்சரை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பற மாதிரி ஸ்கேன் எதுவும் இல்லாததால தான் இப்படி. ரெண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்துடற ஆபரேஷன் ரிஸ்க்கை 90 சதவீதத்துக்கு மேல கொறைக்கும், ஏஞ்சலினா ஜோலி 2013-ல பண்ணிக்கிட்டாங்களே அது தான், அவங்களுக்கு பிஆர்சிஏ 1. மாத்திரை சரியா வேலை செய்யாத பிஆர்சிஏ 1 பொண்ணுங்க இதை காதுல போட்டுக்கறது நல்லது, முடிவு எடுக்க அவசரம் வேணாம்.

தம்பி அண்ணன்களையும் டெஸ்டுக்கு கூப்பிடுங்க, அவங்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் ரிஸ்க் இருக்கு, அவங்க பொண்ணுங்களுக்கும் போகும். ஆனா வீட்ல இருக்கற சின்ன பசங்களுக்கு இப்பவே பாத்துடலாம்னு இழுத்துட்டு போகாதீங்க, 18 ஆகட்டும், அது வேணுமா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும்.